கொங்கு நாட்டுக் கட்சிப் பற்று

கோயமுத்தூரின் கிழக்கே சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் உள்ள பழைய பஞ்சாலைகளின் வாயிலைக் கடந்து போனவர்கள், மதிலோரமாக வரிசையில் நின்ற கொடிக்கம்பங்களைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிமெண்டுப் பீடம். பீடத்தின் முகத்தில் ஒரு சிறு பளிங்குப் பலகை. அதில் கொடியேற்றி வைத்த தலைவரின் பெயரும் தேதியும், கீழே கிளைச் செயலாளர், பொருளாளர் முதலியோரின் பெயர்களும். மூவர்ணக் கொடி ஒன்று, செங்கொடி இரண்டு, கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று, அதே கறுப்பு சிவப்பில் அண்ணாவின் உருவம் பொறித்த கொடி ஒன்று. செங்கொடி ஏன் இரண்டாயிற்று என்று கேட்டால் 1964-ஆம் ஆண்டின் கதையையும், கறுப்பு சிவப்பு ஏன் இரண்டாயிற்று என்று கேட்டால் 1972-ஆம் ஆண்டின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரே வாயிலில் நுழைந்து, ஒரே தறியிலும் கதிரிலும் முறை மாற்றி நின்று, ஒரே சங்கொலிக்கு வெளியே வந்தவர்கள், வெளியே வந்தவுடன் ஐந்து கம்பங்களின் அடியில் ஐந்து கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள்.

கொங்கு நாட்டு அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எந்தத் தேர்தலில் எந்தக் கட்சி எத்தனை இடம் பெற்றது என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அக்கணக்கைவிட ஆராயத்தக்கது ஒன்று உண்டு என்பது என் எண்ணம். ஒரு ஸ்தாபனத்தில் மனப்பூர்வமாகச் சேர்ந்து உழைத்த ஒருவன், அதன் போக்கோடு மாறுபட நேரும்போது என்ன செய்தான், அவனை அந்த ஸ்தாபனம் என்ன செய்தது என்பதே அது. விசுவாசம் தலைவருக்கா, கட்சிக்கா, கொள்கைக்கா, தன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஊருக்கா என்ற வாதம் இன்று புதிதாகத் தோன்றியதன்று. ஈரோட்டுக் கடைவீதியிலும், கோவை ராஜவீதியின் தேர்நிலைத் திடலிலும், பொள்ளாச்சிச் சந்தையிலும் சுமார் ஒரு நூற்றாண்டுக் காலமாக நடந்துவரும் வாதம் அது.

அதன் முதல் பெரிய கட்டம் ஈரோட்டில் தொடங்கியது. 1925 மே மாதத்தில் அங்கிருந்து 'குடி அரசு' பத்திரிகையைத் தொடங்கியபோது ஈ. வெ. ராமசாமி காங்கிரஸ்காரரே, கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர், வைக்கத்தில் சிறை சென்றவர், மாகாணக் காங்கிரஸின் தலைமைப் பதவிகளை வகித்தவர். அதே ஆண்டு நவம்பரில், திரு. வி. க. தலைமை வகித்த காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படாமற் போகவே, மாநாட்டுப் பந்தலை விட்டு வெளியேறினார். அவரிடம் நாம் கவனிக்க வேண்டியது, அவர் ஒரே கூட்டத்தில் கோபித்துக்கொண்டு எழுந்து போனவரல்லர் என்பதே. ஆண்டுதோறும் மாகாண மாநாடுகளில் அதே கோரிக்கையை முன்வைத்து, ஆண்டுதோறும் தோற்று, வாதித்துத் தீர்ந்த பின்பே விலகினார். காரணத்தை ஊரறியச் சொல்லி விலகியதால், அவரை எதிர்த்தவர்களும் அந்தக் காரணத்துக்கே பதில் சொல்ல வேண்டியவர்களானார்கள். அடுத்த நாற்பது ஆண்டுக் காலத் தமிழ்நாட்டு அரசியல் பெரும்பாலும் அந்தப் பதில்களாலேயே ஆனது.

இதே காலத்தில் கோயமுத்தூரிலே வேறுவிதமான ஒரு மனிதர் வளர்ந்துகொண்டிருந்தார். ஆர். கே. சண்முகம் செட்டியார் நீதிக்கட்சியின் சார்பில் 1920-இல் சென்னைச் சட்டசபைக்குப் போனவர். பிறகு சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து மத்திய சட்டசபைக்குச் சென்றவர். 1932-இல் ஒட்டாவாவில் கூடிய சாம்ராஜ்யப் பொருளாதார மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போய்வந்ததால் தேசியவாதிகளின் கடுஞ்சினத்துக்கு ஆளானவர். மத்திய சட்டசபையின் தலைவராக வீற்றிருந்தும் 1934 தேர்தலில் காங்கிரஸ் அபேட்சகரிடம் தோல்வியுற்றவர். இப்படிப்பட்டவரைத்தான் 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாக நேருவின் மந்திரி சபை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு நவம்பர் 26-ஆம் தேதி தேசத்தின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தவர் அவரே. கட்சி விசுவாசத்தை மட்டுமே தராசாகக் கொண்டால் அவருக்கு அங்கே இடமே இருந்திராது. அன்றைக்கு அதிகாரத்துக்கு வந்தவர்கள், நேற்றைய எதிரியின் திறமையைத் தேசத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் விசாலமான மனம் படைத்திருந்தார்கள் என்பதை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

ஆலைத் தொழிலாளருக்கு எதிர்ப்பு என்பது இத்தகைய சபை விவகாரமாக இருக்கவில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியதிலிருந்தே இங்கே பஞ்சாலைத் தொழில் உண்டு என்றாலும், 1932-க்குப் பின் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகே ஆலைகள் ஊரைச் சூழ்ந்து பெருகின. அவற்றோடு தொழிற்சங்கமும் பெருகியது. என். ஜி. ராமசாமி என்ற இளைஞர் தொழிலாளருக்காகவே வாழ்ந்து 1943-இல் அகால மரணமடைந்தார். சின்னியம்பாளையத்தில் ரங்கவிலாஸ் ஆலையைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நால்வர், ஆலை அடியாள் ஒருவனின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சங்கத்தின்மேல் கொண்ட பற்றுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் இன்றளவும் இப்பகுதியின் செங்கொடிக் கூட்டங்கள் தொடங்குகின்றன. ஆகவே 1964 ஏப்ரலில் கம்யூனிஸ்டுக் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தபோது, அந்த 32 பேருள் கோவையின் கே. ரமணியும் ஒருவராக இருந்தது, டில்லியில் நடந்த ஒரு செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை. தியாகிகளின் படம் யாருக்குச் சொந்தம், சங்கக் கட்டிடத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும், சந்தாப் புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது என்ற சச்சரவாக அது ஆலை வாயிலுக்கு வந்து சேர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் 1952-ஆம் ஆண்டையும் 1954-ஆம் ஆண்டையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத் தேர்தலில், சென்னை ராஜ்யத்தின் 375 இடங்களுள் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. பெரும்பான்மை இல்லாத அக்கட்சியின் சார்பில், தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமித்து மந்திரி சபை அமைக்க அழைத்தார் கவர்னர். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயகர் போன்றவர்கள் எதிர்வரிசையிலிருந்து பிரிந்து ஆளும் வரிசைக்கு வந்தார்கள். அவ்வாண்டின் தொடக்கத்திலே, கடல் கடந்து ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் இபாதான் நகரிலும் ஏறத்தாழ இதே காட்சி நடந்தது. மேற்குப் பிரதேசச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் சிலர், அசிகிவேயின் கட்சியோடு நிற்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்த நிலையில், சபை கூடியதும் எதிரே அவொலொவோவின் கட்சி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இபாதான் மக்கள் கட்சியைச் சேர்ந்த அடெலாபு என்பவர் போக மறுத்துத் தம் இடத்திலேயே இருந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நாட்டார் கட்சி மாறுதலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்தச் சபை நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறார்கள். புதிதாக வாக்குரிமை பெற்ற தேசங்களுக்கு இந்தப் பிரச்சினை முதல் நாளிலேயே வாசலில் வந்து நின்றது என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

ராஜாஜியின் அந்த மந்திரி சபையில்தான் பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் நிதி மந்திரியானார். ராஜாஜியைக் குருவாகக் கொண்டவர் அவர். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று வகுக்கப்பட்ட கல்வித் திட்டம், குலக்கல்வித் திட்டம் என்ற பெயரால் நாடெங்கும் எதிர்க்கப்பட்டு, காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே கொந்தளிப்பு மூண்டு, ராஜாஜி 1954-இல் பதவி விலக நேர்ந்தது. சட்டசபைக் காங்கிரஸ் கட்சியின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் காமராஜரை எதிர்த்து நிறுத்தப்பட்டவர் சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41.

இனி நடந்ததுதான் இக்கட்டுரையின் உயிர் என்று நான் கருதுகிறேன். வென்ற காமராஜர், எட்டே பேர் கொண்ட தம் சிறிய மந்திரி சபையில், தம்மை எதிர்த்து நின்றவரையும், எதிர்த்தவரின் பெயரை முன்மொழிந்தவரையும் சேர்த்துக்கொண்டார். சுப்பிரமணியத்துக்கு நிதியும் கல்வியும் அளிக்கப்பட்டன. அதுமட்டுமன்று, 1954 மே மாதத்தில், தம் குருநாதர் வகுத்த அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது என்ற அறிவிப்பைச் சட்டசபையில் செய்தவர், கல்வி மந்திரியான சுப்பிரமணியமே. தோற்றவரைப் பழிவாங்கும் தந்திரமாக இதைக் கொள்ளுகிறவர்கள் பின்னால் நடந்ததைப் பார்க்க வேண்டும். அடுத்த எட்டாண்டுக் காலம் பள்ளிகள் பெருகியதிலும், மதிய உணவு பரவியதிலும், தொழிற்பேட்டைகள் எழுந்ததிலும் காமராஜருக்கு வலக்கையாக விளங்கியவர், எதிர்த்து 41 வாக்குப் பெற்ற அதே மனிதர்தாம். 1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, அவரால் வளர்க்கப்பட்ட சுப்பிரமணியம் அவரோடு போகவில்லை. குருவின்மேல் வைத்த பக்தி குறைந்ததாலன்று. தம் வேலை இங்கே இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டதால்தான். எதிர்த்தவனுக்கு வேலை கொடுத்து, அந்த வேலையாலேயே அவனைத் தன்னவனாக்கிக்கொண்ட இந்தக் காரியத்துக்கு நிகரான ஒன்றைத் தமிழ்நாட்டுக் கட்சிகளின் பிற்காலச் சரித்திரத்தில் என்னால் எளிதில் காட்ட முடியவில்லை.

அவருடைய விசுவாசத்துக்கு இன்னொரு சோதனை 1965-இல் வந்தது. மொழிப் போராட்டம் மாணவர்களின் கையில் தீயாய்ப் பரவிய பிப்ரவரி மாதத்தில், மத்திய மந்திரிகளாக இருந்த சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் 11-ஆம் தேதி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் பொள்ளாச்சியிலே, சுப்பிரமணியத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அந்தத் தொகுதியிலேயே, துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. பிரதமரின் உறுதிமொழிக்குப் பின் ராஜினாமா திரும்பப் பெறப்பட்டதும், கட்சிக்கு நல்லவராக இருப்பதற்கும் ஊருக்கு நல்லவராக இருப்பதற்கும் இடையில் அவர் அகப்பட்டுக்கொண்டார். 1967-இல் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் தி. மு. கழகத்திடம் அவர் தோற்றார். அந்தத் தேர்தலில் தி. மு. கழகத்தின் கூட்டணியில் ராஜாஜியும் இருந்தார்.

ஈரோட்டுக் குடும்பத்துக்குத் திரும்புகிறேன். பெரியாரின் தமையனார் மகனான ஈ. வெ. கி. சம்பத், 1949-இல் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்த அண்ணாவோடு சென்றார். பிரிந்தவர்களைக் 'கண்ணீர்த்துளிகள்' என்றே பெரியார் குறிப்பிட்டு வந்தார். அந்தப் பெயரில் தம் சொந்த அண்ணன் மகனும் அடக்கம் என்பது அவரைத் தடுக்கவில்லை. 1957-இல் சம்பத் நாமக்கல்லிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சிற்றப்பா காமராஜரின் காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். ஒரே வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் இரு சாராரும் இரு மேடைகளில் ஒருவரை ஒருவர் வறுத்தெடுத்த காலம் அது.

டில்லிக்குப் போன சம்பத்துக்குத் திராவிட நாடு என்ற கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் வலுத்தது. கட்சியில் சினிமாக் கவர்ச்சிக்குக் கிடைத்த செல்வாக்கும் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலூரில் கூடிய பொதுக்குழுவில் கைகலப்பு நேர்ந்தது, அவர் உண்ணாவிரதம் இருந்தார், சமரசம் பேசப்பட்டது, நிலைக்கவில்லை. 1961 ஏப்ரலில் கண்ணதாசன் முதலியோருடன் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கழகத் தோழர்கள் அவரைத் துரோகி என்றார்கள். மறு ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி எடுபடவே இல்லை. ஆனால் 1963-இல், பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் நிறைவேறிய பின், அந்தக் கோரிக்கையைத் தி. மு. கழகமே கைவிட்டது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் சம்பத் எதைச் சொல்லித் துரோகிப் பட்டம் பெற்றாரோ, அது கட்சியின் அதிகாரபூர்வமான நிலையாக ஆகிவிட்டது. அதற்காக யாரும் அவரை வீடு தேடிப்போய் அழைத்துவந்ததாகத் தெரியவில்லை. 1964-இல் தம் கட்சியைக் காங்கிரஸோடு இணைத்துவிட்டார். சம்பத்தின் அரசியல் முழுவதையும் நான் ஒப்புக்கொள்கிறவனல்லன். எனினும், கட்சி நாளை ஏற்கப்போகும் ஓர் உண்மையை இன்றே சொன்னவர் என்ற அளவில் அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று சொல்லத் தயங்கமாட்டேன். இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு: 1967-இல் வென்ற அண்ணா முதற்காரியமாகத் திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார், பெரியாரும் பழையதை மறந்து புதிய ஆட்சியை ஆதரிக்கலானார். காங்கிரஸை விட்டுப் போன சிற்றப்பா கழகத்தின் பக்கமும், கழகத்தை விட்டுப் போன அண்ணன் மகன் காங்கிரஸின் பக்கமுமாக இருவரும் இடம் மாறி நின்றார்கள்.

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன் குடும்பம் இதைவிடவும் விரிந்தது. டாக்டர் ப. சுப்பராயன் எக்கட்சியும் சாராதவராக 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தார். பின்பு காங்கிரஸில் சேர்ந்து ராஜாஜியின் 1937 மந்திரி சபையில் இடம்பெற்றார். அவருடைய மக்களுள் ஒருவர் படைத் தளபதியானார்; மோகன் குமாரமங்கலமும் பார்வதியும் இங்கிலாந்தில் படிக்கப் போன இடத்தில் கம்யூனிஸ்டுகளாகித் திரும்பினார்கள். பார்வதி கிருஷ்ணன் கோவை ஆலைத் தொழிலாளரிடையே பணிபுரிந்து, 1957-இல் கோயமுத்தூர்த் தொகுதியில் வென்றார். ஜமீன்தாரின் மகள் ஆலை வாயிலில் நின்று பேசுகிறார் என்பதற்காகவே கூட்டம் கூடிய காலமும் இருந்தது, பின்பு அவர் பேச்சுக்காகவே கூடிய காலமும் வந்தது. தமையனார் மோகனோ அறுபதுகளில் கட்சியை விட்டு விலகிக் காங்கிரஸில் சேர்ந்து, இந்திரா காந்தியின் மந்திரி சபையில் உருக்குத் துறையை ஏற்றார்.

1971-இல் கோவைத் தொகுதியில் வென்றவர் கம்யூனிஸ்டுக் கட்சியின் கே. பாலதண்டாயுதம். 1973 மே 31-ஆம் தேதி, டில்லியில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் மாண்டவர்களுள் மோகன் குமாரமங்கலமும் ஒருவர், பாலதண்டாயுதமும் ஒருவர். அந்த மரணத்தால் காலியான கோவைத் தொகுதிக்கு 1974-இல் இடைத்தேர்தல் நடந்தபோது, தமையனாரையும் தோழரையும் ஒரே நாளில் இழந்த பார்வதி கிருஷ்ணன், தமையனார் விட்டுச்சென்ற கட்சியின் அபேட்சகராக நின்று வென்றார். அவருடைய துக்கத்தை எந்தக் கட்சிக் கணக்கில் எழுதுவது? அண்ணன் வேறு கட்சிக்குப் போனான் என்பதால் பாசம் குறைந்துபோகவில்லை; பாசம் குறையவில்லை என்பதால் கட்சியை விட்டு அவர் போகவுமில்லை. மோகனின் மகன் ரங்கராஜன் காங்கிரஸ் உறுப்பினராகச் சேலத்திலிருந்து பாராளுமன்றம் சென்று, பின்பு பாரதீய ஜனதாக் கட்சியில் சேர்ந்து வாஜ்பாயின் ஆட்சியில் மின்துறை மந்திரியாக இருந்து 2000-இல் காலமானார். மூன்று தலைமுறைக்குள் இந்த ஒரு வீட்டில் எத்தனை கொடிகள்!

அந்த 1974 இடைத்தேர்தலுக்கு மற்றொரு முக்கியத்துவமும் இருந்தது. கோவை மேற்குச் சட்டமன்றத் தொகுதியில் அன்றே நடந்த தேர்தலில் அண்ணா தி. மு. கழகத்தின் அரங்கநாயகம் வென்றார். பார்வதி கிருஷ்ணனுக்கும் அக்கட்சியே துணை நின்றது. எம். ஜி. ஆர். என்ற மனிதரை அரசியலுக்கு முன்பே அறிந்த ஊர் இது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் கம்பெனியார் எடுத்த 'ராஜகுமாரி' 1947-இல் வெளிவந்தபோது, அதில் கதாநாயகனாக நடித்தவர் அவர். வசனம் எழுதியவர் இளைஞரான மு. கருணாநிதி. ஒருவர் கதர் அணிந்த காங்கிரஸ் அபிமானி, மற்றவர் பெரியாரின் தொண்டர். இருந்தும் சிநேகம் அங்கே வளர்ந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1972 அக்டோபரில், கட்சிக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று எம். ஜி. ஆர். பகிரங்கமாகக் கேட்டார், சில நாட்களுக்குள் நீக்கப்பட்டார், 17-ஆம் தேதி புதுக் கட்சி பிறந்தது. கொங்கு நாட்டில் ரசிகர் மன்றப் பலகைகள் ஒரே வாரத்தில் கட்சிக் கிளைப் பலகைகளாயின. கேள்வி கேட்டதற்காக விலக்கப்பட்டவர் என்ற எண்ணமே அவருக்கு இப்பகுதியில் இத்தனை ஆதரவைத் தேடித் தந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் விலக்கப்பட்டவரின் கட்சி, விலக்குவதைத் தானும் விரைவில் கற்றுக்கொண்டது. கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எழுபதுகளின் நடுவில் அக்கட்சியில் கட்டளை பிறந்தது. ஆயிரக்கணக்கானோர் மகிழ்ச்சியோடு முழங்கையை நீட்டினார்கள். இன்றும் கிராமத்துத் திண்ணைகளில் தோல் சுருங்கிய கைகளில் மங்கிய பச்சையாக அந்தக் கொடியைக் காணலாம். அழியாத மையில் எழுதிய அந்த அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதைக் கட்டளையாக்கியது தவறு என்று சொன்னவர்களுள் காங்கேயத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் படத் தயாரிப்பாளருமான கோவை செழியனும் ஒருவர். அவருக்குக் கட்சியில் இடமில்லாமற் போயிற்று.

கட்சிகளின் விசுவாசப் பரீட்சைகளால் சலிப்புற்றவர்களுக்கும் இம்மண்ணில் ஒரு வழி திறந்தது. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் உழவர்கள், மின்கட்டண உயர்வை எதிர்த்து, எந்தக் கட்சியின் கொடியும் இல்லாமல் திரண்டார்கள். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் இரையானார்கள். 1972-இல் கோயமுத்தூர் நகரத்தின் சாலைகளை மாட்டு வண்டிகளாலே அடைத்துவிட்டார்கள். கார்களும் பஸ்களும் நகர இடமின்றி நின்ற அந்தத் தெருக்களில், நுகத்தடியை அவிழ்த்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்த உழவர்களை அதிகாரிகள் என்ன செய்வதென்று அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கட்சி சார்பற்ற' என்ற அடைமொழியை இன்றும் இப்பகுதியின் சில விவசாயச் சங்கங்கள் தம் பெயரிலேயே வைத்திருக்கின்றன. நாயுடுவும் 1982-இல் ஒரு கட்சியைத் தொடங்கினார் என்பதும், அதில் இயக்கத்தின் பலம் கூடவில்லை என்பதும் உண்மையே. 1984 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு இயக்கம் பல கிளைகளாகச் சிதறியது.

பிற்காலத்தை நான் விரைந்து கடக்கிறேன். எம். ஜி. ஆர். மறைந்தபின் 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு, சேவலும் இரட்டைப் புறாவுமாகக் கட்சி பிளந்து நின்றபோது, ஜெயலலிதாவின் சேவல் சின்னத்தில் கோபிசெட்டிபாளையத்தில் கே. ஏ. செங்கோட்டையனும் எடப்பாடியில் கே. பழனிசாமியும் வென்றார்கள். 2009-இல் கொங்குநாடு முன்னேற்றக் கழகம் என்ற புதிய கட்சி கோவைத் தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்று, பெரிய கட்சிகளை ஒருமுறை திடுக்கிட வைத்தது. 2021-இல் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும், ஆட்சியை இழந்த அண்ணா தி. மு. க. கூட்டணிக்கே கிடைத்தன. 2024-இல் கோவைப் பாராளுமன்றத் தொகுதியில் தி. மு. கழகத்தின் சார்பில் வென்ற கணபதி ராஜ்குமார், முன்பு அண்ணா தி. மு. கழகத்தின் மேயராக இருந்தவர். ஈரோடு கிழக்கில் 2023-இல் சம்பத்தின் மகன் இளங்கோவன், தம் தந்தை விட்டு விலகிய தி. மு. கழகத்தின் ஆதரவோடு காங்கிரஸ் அபேட்சகராக வென்றார். அவர் மறைந்தபின் 2025 பிப்ரவரியில் அங்கே வென்ற தி. மு. கழகத்தின் சந்திரகுமார், 2011-இல் அதே தொகுதியில் விஜயகாந்தின் கட்சிக்காக வென்றவர். இம்மாற்றங்களுக்கெல்லாம் வாக்காளர் தண்டனை கொடுத்ததாகத் தெரியவில்லை; ஆள் எங்கே இருந்தான் என்பதைவிட, இப்போது யாரை எதிர்த்து நிற்கிறான் என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள் போலும்.

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பதவிக்காகவும் பணத்துக்காகவும் வரிசை மாறுகிறவனைத் தடுக்க அது வந்தது. அந்த அளவில் அது தேவையே. ஆனால் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தவன் எந்த மனச்சாட்சியின் பேரில் மீறினான் என்று அச்சட்டம் கேட்பதில்லை. விலைபோனவனும் மனம் பொறாதவனும் அதன் கண்ணுக்கு ஒன்றே. கட்சிகளுக்குள்ளேயோ, 93-க்கு 41 என்று எண்ணிப் பார்க்கும் வாக்குப் பெட்டிக்கே இப்போது வேலையில்லை. சட்டமன்றக் கட்சித் தலைவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவதே சம்பிரதாயமாகிவிட்டது. எதிர்த்து நிற்க உள்ளே இடமில்லாதபோது, எதிர்க்க நினைப்பவனுக்கு வெளியே போகும் வழி ஒன்றுதான் மிஞ்சுகிறது. வெளியே போனவனைத் துரோகி என்பது எளிதாகவும் இருக்கிறது.

2025 செப்டம்பர் 5-ஆம் தேதி, கோபிசெட்டிபாளையத்தில் நிருபர்களைக் கூட்டிச் செங்கோட்டையன் ஒரு கோரிக்கை வைத்தார்: கட்சியிலிருந்து விலகியும் விலக்கப்பட்டும் போனவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப் பத்து நாட்களுக்குள் முயற்சி தொடங்க வேண்டும் என்று. 1977 முதல் அக்கட்சியின் சட்டமன்ற உறுப்பினராகப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். மறுநாளே அவருடைய கட்சிப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. அக்டோபர் 31-ஆம் தேதி அடிப்படை உறுப்பினர் பதவியும் போயிற்று. நவம்பர் 26-ஆம் தேதி சட்டமன்ற உறுப்பினர் பதவியை ராஜினாமாச் செய்தார். அதற்கு அடுத்த நாள் நடிகர் விஜயின் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். அவர் கோரியது சரியா தவறா என்ற விவாதத்தைக் கோபியின் தேநீர்க் கடைகளில் நடத்திக்கொண்டிருந்தவர்கள், அதற்குக் கட்சியின் பொதுக்குழு என்ன பதில் சொல்லும் என்று காத்திருந்தார்கள். அந்தக் கோரிக்கை எந்தப் பொதுக்குழுவிலும் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை.